கரி பூசிய முகமும் விமர்சகர் தீர்ப்பும்

1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி இரவு, நியூயார்க் தியேட்டரில் ‘இன் டஹோமி’ என்னும் இசை நாடகம் அரங்கேறியபோது, வசனகர்த்தா முதல் நடிகர் வரை கறுப்பினத்தவரே நிறைந்த முழுநீள ஹாஸ்ய நாடகமொன்றை பிராட்வேயின் பிரதான அரங்கு முதன்முறையாகக் கண்டது. வசனத்தை ஜெஸ்ஸி ஷிப் எழுத, பாடல்களில் பலவற்றைக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பர் இயற்ற, பெர்லினில் வயலின் கற்றுத் திரும்பி நியூயார்க்கில் இசைமேதை டிவோர்ஷாக்கிடமும் பாடம் கேட்ட வில் மரியன் குக் இசையமைத்தார்.

ஆப்பிரிக்காவில் குடியேற விழையும் சங்கமொன்றையும், காணாமற்போன பெட்டியைத் தேடப் புறப்பட்ட இரு போலித் துப்பறிவாளரையும் பிணைத்த கதையில் கட்டுக்கோப்பு சொற்பமே. நாடகத்தின் ஜீவன் பர்ட் வில்லியம்ஸ், ஜார்ஜ் வாக்கர் என்னும் ஜோடியிடம் இருந்தது. (1894-இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் டஹோமியர் வந்துசேரத் தாமதமானதால், அவர்களுக்குப் பதிலாக வேஷமிட்டு நின்றவர்களும் இவ்விருவரே!) பஹாமாத் தீவில் பிறந்த, இயல்பில் வெளுத்த நிறமுடைய வில்லியம்ஸ், எரித்த தக்கையின் கரியை முகத்தில் அப்பி, காலுக்கு மிஞ்சிய ஜோடுகளை இழுத்துக்கொண்டு மந்தகதியில் மேடைக்கு வந்து, எடுத்த காரியமெல்லாம் கெட்டுப்போகும் துரதிருஷ்டசாலியாகப் பாடுகையில், சிரிப்போடு இரக்கமும் பிறந்தது.

பத்திரிகைகளுக்கோ மேடையைவிட ஆசனங்களே பெரிய விஷயமாயின. இனக்கலவரம் மூளும் என்று சிலர் முன்கூட்டியே பீதி கிளப்பியிருந்தமையால், ‘நியூயார்க் டைம்ஸ்’ மறுநாள், கறுப்பு ரசிகர்கள் மேல்மாடியில் ஒதுக்கப்பட்ட சபையில் யாவும் சுமுகமாக நடந்தேறிற்று என்பதையே பிரதானமாக எழுதியது. வில்லியம்ஸின் ஹாஸ்யம் புகழப்பட்டது மெய்யே. எனினும், நடிகனைப் புகழ்ந்துகொண்டே அவன் இனத்தாரை மாடிக்கு அனுப்பிய ரசனையை நியாயமான ரசனை என்று நான் ஒப்பமாட்டேன்.

53 காட்சிகளோடு அங்கே முடிந்த நாடகம், மே 16 அன்று லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி தியேட்டரில் தொடங்கி, ஜூன் 23-இல் இளவரசர் எட்வர்டின் ஒன்பதாம் பிறந்தநாளை முன்னிட்டு பக்கிங்ஹாம் அரண்மனைப் புல்வெளியிலும் ஆடப்பட்டு, அவ்வாண்டின் இறுதிவரை ஓடிற்று. நாடகத்தில் இடம்பெற்ற கேக்வாக் நடனம் லண்டனில் ஒரு மோகமாயிற்று. பாட்டும் இசையுமாக நாடகத்தின் ஸ்வரப் பிரதி அதே ஆண்டில் அச்சேறியதும் லண்டனிலேதான்.