போரான் சத்து: தமிழ்நாட்டு மண்ணும் உர மூலங்களும்

போரான், பயிருக்கு மிகச் சிறிய அளவில் தேவைப்படும் நுண்ணூட்டச் சத்து. அதன் இன்றியமையாமையை 1923இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காத்தரின் வாரிங்டன் நிறுவினார். இந்திய மண்ணில் துத்தநாகத்துக்கு அடுத்து அதிகம் காணப்படும் நுண்ணூட்டப் பற்றாக்குறை இதுவே.

மண்ணில் போரான் பெரும்பாலும் மின்னூட்டமற்ற போரிக் அமிலமாக இருக்கிறது. மண் துகள்கள் அதை இறுகப் பிடிப்பதில்லை; மழைநீரோடு கீழே இறங்கிவிடும். மணற்பாங்கான செம்மண்ணிலும் மழை மிகுந்த மலைச்சரிவுகளிலும் அது குறைவதற்கு இதுவே காரணம். கோவை வட்டாரத்தில் காணப்படும் சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் சிக்கல் வேறு: போரான் இருந்தும், காரத்தன்மை கூடுவதால் வேருக்குக் கிட்டாது.

வெந்நீரில் கரையும் போரான் 0.5 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்பது வழக்கமான கணக்கு. இச்சோதனையில் ஒரு கண்ணி உண்டு. ஆய்வகங்களில் சாதாரணமாகப் புழங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் குடுவையிலிருந்தே போரான் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் பிளாஸ்டிக் கலங்களையோ போரான் கலவாத கண்ணாடியையோ பயன்படுத்துகிறார்கள்.

போரான் பெரும்பாலான பயிர்களில் பழைய இலையிலிருந்து குருத்துக்கு நகராது. எனவே குறை முதலில் இளம் பகுதிகளில் தெரியும். தென்னையில் புது மட்டையின் இலைகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு சுருங்கும், குரும்பை உதிரும். நிலக்கடலை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பருப்பைப் பிளந்தால்தான் நடுவில் பழுப்பேறிய குழி தெரியும்.

உர மூலங்களில் மலிவானது போராக்ஸ், அதாவது பொற்கொல்லர் பயன்படுத்தும் வெண்காரம். போரான் சுமார் 10.5 விழுக்காடு. கேரம் பலகையில் தூவும் போரிக் அமிலத்தில் 17. இலைவழித் தெளிப்புக்கு ஏற்ற டைசோடியம் ஆக்டாபோரேட்டில் 20. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு வெந்நீரூற்றுகளில் வெண்காரம் படிந்தாலும், இந்தியா இறக்குமதியையே நம்பியிருக்கிறது. உலக இருப்பில் பெரும்பங்கு துருக்கியில் உள்ளது. அனல்மின் நிலையச் சாம்பலிலும் போரான் உண்டு. ஆனால் புதுச் சாம்பலை அள்ளிக் கொட்டினால் பயிர் கருகும்.

பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி அவ்வளவு குறுகியது. நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 10 கிலோ போராக்ஸ் இடுகிறார்கள். அதில் இருப்பது ஏறத்தாழ 1 கிலோ போரான். ஒரு ஹெக்டேரில் அதைச் சீராகப் பரப்ப, மணலோடோ ஜிப்சத்தோடோ கலந்து தூவ வேண்டும்.