காலிக் கட்டமும் நாமக்கோழியும்

திருவண்ணாமலை என்றதும் கிரிவலமும் கார்த்திகை தீபமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அந்தத் திருவண்ணாமலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு ஊர் இருக்கு. சின்னக் குன்று, மேலே சீனிவாசப் பெருமாள் கோயில். தென் திருப்பதி என்பார்கள். வருஷம் முழுக்க அமைதியாகக் கிடக்கிற இடம், புரட்டாசி சனிக்கிழமைகளில் மட்டும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுற்றுப்பட்டு கிராமங்கள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்துவிடும்.

அதே புரட்டாசியில் இன்னொரு கூட்டமும் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் சாம்பல் வாலாட்டி வந்து வாலை ஆட்டத் தொடங்கும். கண்மாய்ச் சேற்றில் உள்ளான்கள் இறங்கும். மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசை கட்டும். ஐப்பசியில் மழை பிடித்து, கண்மாயில் தண்ணீர் நின்றால் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து எல்லாம் வரலாம். மேல்நாட்டுக்காரர்கள் இதை இலையுதிர் கால வலசை என்கிறார்கள். நமக்கு இலை உதிர்வது வேறு கணக்கு. பழைய தமிழ்க் கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார்; ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். பறவை பார்க்கிறவர்களுக்கு ஆண்டு பிறப்பது இந்த நான்கு மாதங்களில்தான்.

போன வருஷம் கூதிரில் குன்றைச் சுற்றியுள்ள கண்மாய்களைப் பார்க்கப் போனேன். போவதற்கு முன் வழக்கம்போல இபேர்ட் தளத்தைத் திறந்தேன். உலகம் முழுக்கப் பறவை பார்க்கிறவர்கள் தங்கள் பட்டியல்களை ஏற்றும் தரவுத்தளம் அது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-ல் தொடங்கியது. மலைக்காட்டுக்குள் வரைபடத்தில் புள்ளிகள் இருந்தன. நான் போக நினைத்த கண்மாய் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

வேலை நிமித்தமாக தினமும் தரவுத்தளங்களோடு குப்பை கொட்டுகிறவன் நான். எங்கள் தொழிலில் முதல் வருஷமே தலையில் குட்டிச் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: பூஜ்யம் வேறு, காலி வேறு. ஒரு கட்டத்தில் பூஜ்யம் என்று இருந்தால் யாரோ போய்ப் பார்த்தார்கள், எண்ணினார்கள், ஒன்றும் இல்லை என்று பொருள். கட்டம் காலியாக இருந்தால் யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததை எழுதவில்லை என்று பொருள். இரண்டையும் குழப்பினால் கணக்கு நாசம். எளிமையான விஷயம்தான். ஆனால் நம் நீர்நிலைகளின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் குழப்பத்தால் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்மவர்கள் பறவைகளைப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஊர். திருப்பாவையின் ஏழாம் பாசுரத்தில் விடியலில் பேசும் ஆனைச்சாத்தன் வருகிறது. அதைக் கரிச்சான் குருவி என்று அடையாளம் சொல்வார்கள். இருட்டு பிரிவதற்கு முன்பே கத்தத் தொடங்குகிற குருவி அது. மார்கழி விடியலில் ஊருக்கு வெளியே நின்றால் இன்றைக்கும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சத்திமுத்தப் புலவர் கதையும் தெரிந்ததுதான். மதுரையில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர், தெற்கே குமரி வரை போய்விட்டு வடக்கே திரும்பும் செங்கால் நாரையிடம் மனைவிக்குத் தூது சொல்லி அனுப்புகிறார். நாரை வடக்கிலிருந்து வந்து வடக்குக்கே திரும்பும் பறவை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஐரோப்பாவில் இது வெகுகாலம் விவாதமாகவே இருந்தது. குளிர்காலத்தில் காணாமல் போகும் பறவைகள் எங்கேயாவது ஒடுங்கித் தூங்குகின்றனவோ என்ற சந்தேகம் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வரை அங்கே தீரவில்லை. 1822-ல் ஜெர்மனியின் கிளுட்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு செங்கால் நாரை கிடைத்தது. அதன் கழுத்தில் ஆப்பிரிக்க அம்பு ஒன்று குத்தியபடி இருந்தது. அம்போடு அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறது. வலசைக்கு அது கண்கூடான சாட்சி ஆனது.

புலவரும் நாரையைப் பார்த்தார், ஜெர்மானியரும் பார்த்தார். ஆனால் ஜெர்மன் நாரைக்கு இடமும் ஆண்டும் உண்டு. பாடம் செய்யப்பட்ட உடல் இன்றும் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நம் நாரைக்குக் கவிதை இருக்கிறது, தேதி இல்லை. எது உயர்ந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஒரு அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைப்பதற்கு எது உதவும் என்றுதான் யோசிக்கிறேன்.

மேசை என்றதும் வேடந்தாங்கலைச் சொல்லாமல் இருக்க முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினி சிப்பாய்கள் அந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவைகள் பாவம் என்பது மட்டும் காரணம் இல்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை போனால் விளைச்சல் போகும். 1798-ல் பறவைகளை யாரும் தொடக்கூடாது என்று கவுல் கிடைத்தது. கவுல் என்றால் சர்க்கார் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிச் சீட்டு.

இந்த பிளேஸ் துரைதான் மதுராந்தகம் 'ஏரி காத்த ராமர்' கதையில் வருகிறவரும். பெருமழையில் கரை உடையப்போகிற இரவில், வில்லோடு இரண்டு பேர் கரையைக் காவல் காத்ததைப் பார்த்தார் என்பது ஊர் சொல்லும் கதை. கதையை நம்புவது அவரவர் விருப்பம். ஏரிக்கரையைப் பற்றிக் கவலைப்பட்ட கலெக்டர் என்ற நினைவையும், பறவைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த கலெக்டர் என்ற பதிவையும் மக்கள் ஒரே ஆளிடம் வைத்திருப்பது தற்செயல் என்று எனக்குப் படவில்லை. ஏரி இருந்தால்தான் பறவை. ஏரியோ கரையும் மடையும் கலுங்கும் வரத்துக்காலுமாக மனிதர்கள் வெட்டி, தூர்வாரி, சண்டை போட்டுக் காத்த பொருள்.

வேடந்தாங்கல்காரர்களிடம் எனக்குப் பிடித்தது அடுத்து செய்ததுதான். அறுபது வருஷம் கழித்து, 1858-ல், அன்றைய கலெக்டரிடம் போய் அந்த உரிமையை மறுபடியும் எழுதி வாங்கினார்கள். கும்பினி ஆட்சி முடிந்து ராணி ஆட்சி வந்த வருஷம் அது. ராஜாங்கம் மாறினால் பழைய சீட்டு செல்லுமா என்ற பயம் இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். 1936-ல் அந்த ஏரி சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 'இந்தியாவின் பழைமையான சரணாலயங்களில் ஒன்று' என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பழைமைக்கு ஆதாரம் ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டு வாங்கிய காகிதம்.

எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு கதை இருக்கு. காங்கிரஸைத் தொடங்கிய ஏ.ஓ. ஹியூமை பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அவர் பெரிய பறவையியலாளர் என்பதைப் பாடத்தில் சொல்வதில்லை. இந்தியப் பறவைகள் பற்றி ஒரு பெரும் நூல் எழுத இருபத்தைந்து வருஷம் போல குறிப்புகள் சேர்த்தார். அவர் சிம்லா வீட்டில் இல்லாதபோது, வேலைக்காரர் ஒருவர் அந்தக் கையெழுத்துப் பிரதிகளைப் பழைய பேப்பர் விலைக்கு பஜாரில் போட்டுவிட்டார். மனமுடைந்த ஹியூம், 1885-ல் தோல்களும் முட்டைகளுமாக சுமார் 80,000 மாதிரிகளை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதே வருஷம்தான் காங்கிரஸ் பிறந்தது. பேக்கப் இல்லாமல் டேட்டா போன கதைகளை ஆபீஸில் நிறையக் கேட்டிருக்கிறேன். இதற்கு இணையாக ஒன்று கேட்டதில்லை.

இனி வீட்டுக்குப் பின்னால் வருவோம். வட அமெரிக்காவில் கொல்லையில் தீனிப்பெட்டி தொங்கவிட்டு, வரும் பறவைகளை எண்ணுவது பெரிய பழக்கம். 1900 கிறிஸ்துமஸ் அன்று ஃபிராங்க் சாப்மன் என்பவர், பண்டிகை நாளில் போட்டி போட்டுப் பறவைகளைச் சுடும் வழக்கத்துக்கு மாற்றாக, சுடாமல் எண்ணுவோம் என்றார். 27 பேர் சேர்ந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 1976-ல் தொடங்கிய தீனிப்பெட்டிக் கணக்கு, 1987-ல் 'புராஜெக்ட் ஃபீடர்வாட்ச்' ஆக விரிந்தது. சன்னல் ஓரம் உட்கார்ந்து வருகிற பறவைகளை எண்ணி எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒன்றுமே வராத நாளையும் எழுதச் சொல்கிறார்கள். பூஜ்யத்துக்கு அங்கே மதிப்பு உண்டு.

நம் வீட்டிலும் தீனிப்பெட்டி இருந்தது. அந்தப் பெயர்தான் இல்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காக்காவுக்குச் சோறு. வாசல் நிலையில் சிட்டுக்குருவிக்கு நெற்கதிர்க் கொத்து. புரட்டாசி சனிக்கிழமையில் காக்கா வந்து எடுக்காமல் என் ஆச்சி சாப்பிட மாட்டாள். எத்தனை மணிக்கு வந்தது, எது முதலில் வந்தது, எந்தக் காக்காவுக்குக் கால் நொண்டி, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே அளவு சோறு. ஆய்வுமுறை என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. முப்பது நாற்பது வருஷக் கணக்கு அவளோடு போய்விட்டது. சிட்டுக்குருவி எப்போது எங்கள் தெருவில் குறைந்தது என்று இன்றைக்கு யாராவது கேட்டால், 'முன்னெல்லாம் நெறைய இருந்துச்சு' என்பதைத் தாண்டி எங்கள் வீட்டில் பதில் கிடையாது.

இதில் என்ன குடி மூழ்கிப்போச்சு என்று கேட்கலாம். பள்ளிக்கரணையைப் பாருங்கள். பல ஆயிரம் ஹெக்டேர் சதுப்பு நிலம். வருவாய்ப் பதிவேட்டின் கண்ணுக்கு அது உதவாத நிலம். உதவாத நிலத்தில் குப்பை கொட்டலாம், ரோடு போடலாம், கட்டடம் கட்டலாம். எல்லாம் நடந்தது. 2007-ல் மிஞ்சியதில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவிக்க வைத்த வாதங்களில், பறவை ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் வருஷக்கணக்காக எழுதி வைத்த பட்டியல்களுக்குப் பெரிய இடம் உண்டு. காலிக் கட்டத்தைப் பூஜ்யம் என்று படித்தால் ஒரு சதுப்பு நிலம் குப்பைமேடாகும்.

எங்கள் பக்கமும் அப்படித்தான். மேலே மலைக்குக் கோடு போட்டாயிற்று. 1988-ல் நரை அணில் சரணாலயம், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். நல்ல விஷயம். ஆனால் மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் தங்குவது கீழே கண்மாய்களில். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் எல்லாம் சேர்த்து சுமார் 39,000 என்று அரசுக் கணக்கு. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுப்பணித் துறை மரபில் வந்த நீர்வளத் துறையிடம், குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். பதிவேட்டில் பரப்பு இருக்கும், மடை எத்தனை என்று இருக்கும். பறவைக்கு அதில் கட்டமே கிடையாது.

அந்தக் காலிக் கண்மாய்க்கு ஒரு ஞாயிறு காலை போனேன். முக்குளிப்பான்கள், சில நீர்க்காகங்கள், ஒரு சாம்பல் நாரை. தண்ணீரின் பாதியைக் கருவேல மரங்கள் அடைத்திருந்தன. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பைனாகுலரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"என்ன தம்பி, சர்வேயா?"

"இல்ல தாத்தா, சும்மா குருவி பாக்க வந்தேன்."

"இப்ப என்ன கெடக்கு பாக்க? இந்தக் கருவேலம் வைக்கிறதுக்கு முந்தி நாமக்கோழி கருகருன்னு கெடக்கும். தண்ணியே தெரியாது."

நாமக்கோழி. உடம்பு முழுக்கக் கருப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம். பெருமாள் குன்றைப் பார்த்தபடி இருக்கும் கண்மாயில் அந்தப் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. எந்த வருஷம் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "எம் மூத்தவ பால்குடி மறக்கல. அவளுக்கு இப்பப் பேரன் இருக்கான்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். சுவீடன் உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் 1981-ல் தொடங்கியது. கண்மாய்களுக்குள் கருவேலம் வைத்தது அதில் முக்கியமான வேலை. பெரியவரின் மகள் வயதும் அதோடு பொருந்தி வருகிறது. ஆக, எண்பதுகளின் தொடக்கம் வரை இந்தக் கண்மாயில் கூதிரில் நாமக்கோழிகள் கூட்டமாக இருந்திருக்கின்றன. இரண்டு அட்டவணைகளைப் பொதுவான ஒரு நெடுவரிசையால் இணைப்பதை எங்கள் தொழிலில் தினமும் செய்கிறோம். இங்கே அந்த நெடுவரிசை ஒரு கருவேல மரம். ஒருவருடைய நினைவு தப்பலாம். அதனால் இன்னும் நாலு பேரைக் கேட்க வேண்டும். மரங்கள்தான் காரணமா, மழையா, வரத்துக்கால் அடைபட்டதா என்பது அதற்கும் அடுத்த கேள்வி. ஆனால் கேள்வி கேட்பதற்கே ஒரு தொடக்கப் புள்ளி வேண்டுமே.

இப்போது எண்ணுகிற ஆட்கள் பெருகியிருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-லிருந்து நடக்கிறது. பொங்கல் நாட்களில் மாநிலம் முழுக்கப் பறவை எண்ணுவது 2015-லிருந்து. மகிழ்ச்சிதான். ஆனால் நம் புள்ளிகள் ரோடு போகிற இடத்திலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், போன் வைத்திருக்கிறவன் கையிலும்தான் விழுகின்றன. ஆடு மேய்க்கிறவர் வருஷம் 365 நாளும் பார்க்கிறார். அவர் பார்த்தது இன்னும் காலிக் கட்டமாகவே இருக்கு.

அன்றைய பட்டியலை ஏற்றினேன். பார்த்த எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீர்களா என்று தளம் கேட்டது. ஆம் என்றேன். அப்படிச் சொன்னால், அன்றைக்கு அங்கே நான் நாமக்கோழியைப் பார்க்கவில்லை என்பதும் பதிவாகிவிடும். அந்தக் கண்மாய்க்கு முதல் பூஜ்யம். கீழே குறிப்புப் பகுதியில், பெயர் போடாமல், பெரியவர் சொன்னதைத் தமிழிலேயே எழுதினேன்: 'கருவேலம் வைப்பதற்கு முன், அதாவது 1980-களுக்கு முன், இங்கே நாமக்கோழிகள் ஏராளம்.' இந்த ஐப்பசியில் மறுபடியும் போக வேண்டும். பெரியவர் இருந்தால், மீதியையும் கேட்டு எழுதிக்கொள்ளணும்.