இழந்த காலை மீட்கும் உயிரினங்கள்: ஓர் ஆய்வின் முந்நூறு ஆண்டு வரலாறு

முன்னுரை

பல்லியின் வால் அறுந்தால் மீண்டும் முளைக்கும் என்பது நம் வீடுகளில் சிறுவர்க்கும் தெரிந்த செய்தி. ஆனால் புதிதாக முளைத்த வாலுக்குள் பழைய வாலில் இருந்தது போன்ற முள்ளெலும்பு வரிசை இராது. ஒரு குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். பல்லியின் கால் துண்டிக்கப்பட்டால் அது முழுமையாக வளர்வதும் இல்லை. சாலமாண்டர் என்னும் நீர்நில வாழ்வியின் நிலை வேறு. அதன் காலை எந்த இடத்தில் வெட்டினாலும் எலும்பு, தசை, நரம்பு, இரத்தக் குழாய், தோல், விரல்கள் என அனைத்தும் உரிய இடத்தில், உரிய அளவில் திரும்ப வந்துவிடுகின்றன.

இழந்த உடற்பகுதியை மீண்டும் உருவாக்கிக் கொள்ளும் இத்திறனை உயிரியலில் இழப்பு மீட்டல் என்பர். பல்லி, பாம்பு ஆகியவற்றின் வால் மீண்டும் வளர்வதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் நூலில் குறித்துள்ளார். எனினும் சோதனை செய்து பார்க்கும் முறையான ஆய்வு 18ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கியது. புதிய கால் எங்கிருந்து வருகிறது? எவ்வளவு வளர வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரிகிறது? இந்த இரண்டு கேள்விகளும் ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறி வந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

மீனவர் சொல்லும் ரெயோமூரின் சோதனையும்

நண்டு, கல் இறால் போன்றவற்றின் கால்கள் ஒடிந்தால் மீண்டும் முளைக்கும் என்று பிரான்சு நாட்டு மீனவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தனர். படித்தவர்கள் பலர் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினர். ரெனே ரெயோமூர் என்னும் இயற்கை ஆய்வாளர் அப்படி ஒதுக்கவில்லை. இறாலை ஒத்த நன்னீர் உயிரியான கிரேஃபிஷின் கால்களை வெட்டி, அவற்றை நீரில் வைத்து வளர்த்து, நாள்தோறும் கவனித்தார். மீனவர் சொன்னது உண்மை என்று 1712இல் பாரிசு அறிவியல் கழகத்துக்கு அறிக்கை அளித்தார்.

காரணம் என்ன என்பதில் அவருக்கும் தெளிவு கிடைக்கவில்லை. ஒவ்வொரு காலின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத முட்டை போன்ற நுண்பொருள்கள் இருக்கலாம், அவற்றுக்குள் குட்டிக் கால்கள் முன்கூட்டியே மடிந்து கிடக்கலாம் என்று ஓர் ஊகத்தை முன்வைத்தார். உயிர்கள் அனைத்தும் தொடக்கத்திலேயே சிற்றுருவில் அமைந்துவிட்டன, பின்னர் அவை பெரிதாக மட்டுமே ஆகின்றன என்ற கருத்து அக்காலத்தில் வலுவாக இருந்தது. அதனால் இந்த ஊகம் அன்றைய அறிஞர்களுக்கு விந்தையாகத் தோன்றவில்லை.

ஒரு வீட்டு ஆசிரியரின் கண்டுபிடிப்பு

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் ஒரு பள்ளிக்கூடமும் இல்லாத ஆசிரியர். ஜெனீவாவில் 1710இல் பிறந்த ஆபிரகாம் டிரெம்ப்ளே, ஹாலந்து நாட்டில் தி ஹேக் நகருக்கு அருகே சோர்க்விளீட் என்னும் மாளிகையில் பெண்டிங்க் பிரபுவின் இரண்டு சிறு மகன்களுக்கு வீட்டு ஆசிரியராக இருந்தார். தோட்டத்துக் குட்டைகளிலிருந்து நீரைக் கண்ணாடிச் சாடிகளில் எடுத்து வந்து, அதிலுள்ள உயிர்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பது அவர் கற்பித்தலின் ஒரு பகுதி.

1740ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வாறு எடுத்த நீரில் பச்சை நிறத்தில் நூல் போன்ற சிற்றுயிர் ஒன்றைக் கண்டார். இன்று நாம் ஹைட்ரா என்று அழைப்பது அதுதான். நிறத்தையும் வடிவத்தையும் பார்த்தால் செடி போல் இருந்தது. தொட்டால் சுருங்கியது, மெல்ல நகர்ந்தது, வெளிச்சம் உள்ள பக்கத்துக்குச் சென்றது. அப்போது விலங்கு போல் இருந்தது. கைகளின் எண்ணிக்கையோ ஒன்றுக்கொன்று மாறுபட்டது. கிளைகள் மரத்துக்கு மரம் வேறுபடுவதைப் போல இதுவும் செடியின் இயல்போ என்ற ஐயம் எழுந்தது.

இதைத் தீர்க்க அவர் எண்ணிய வழி எளிமையானது. செடியின் கிளையை வெட்டி நட்டால் இரண்டும் பிழைக்கும். விலங்கை இரண்டாக வெட்டினால் இறந்துவிடும். ஆகவே வெட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும். 1740 நவம்பர் 25ஆம் நாள் ஓர் உயிரியைக் குறுக்கே வெட்டினார். சில நாள்களில் தலைப்பகுதிக்கு வால் வளர்ந்தது. வால்பகுதிக்குத் தலையும் கைகளும் வளர்ந்தன. ஒன்பது நாள்கள் கழிந்தபோது எது எந்தத் துண்டு என்று சொல்ல முடியாத நிலை. வெட்டினால் பிழைக்கிறது, ஆனால் விலங்கைப் போல இரை பிடித்து உண்கிறது. விடை காண வகுத்த சோதனை, விலங்கைப் பற்றி அதுவரை இருந்த வரையறையையே தகர்த்துவிட்டது.

டிரெம்ப்ளே அவசரப்பட்டு முடிவு கூறவில்லை. உயிருள்ள ஹைட்ராக்களை ரெயோமூருக்கு அனுப்பினார். முதலில் அனுப்பியவை வழியில் இறந்தன. காற்றுப் புகாதபடி புட்டியை மெழுகால் மூடியதே காரணம். மூடும் முறையை மாற்றி மீண்டும் அனுப்பினார். ரெயோமூர் தாமே வெட்டிப் பார்த்து வியந்தார். 1741இல் பாரிசு அறிவியல் கழகத்தில் அச்செய்தியை அறிவித்தார். கேட்டவர்க்கெல்லாம் உயிரியையும், அதை வளர்க்கும் வழிமுறையையும் டிரெம்ப்ளே அனுப்பி வந்தார். நம்ப மறுத்தவர்கள் தாங்களே செய்து பார்த்துக்கொள்ள முடிந்தது. இலண்டன் அரச கழகம் 1743இல் அவருக்குக் காப்லி பதக்கம் வழங்கியது. 1744இல் அவர் நூல் வெளிவந்தது.

தலைப்பகுதியை நீளவாக்கில் பிளந்து பல தலைகள் கொண்ட ஓர் உயிரியையும் அவர் உருவாக்கினார். கிரேக்கப் புராணத்தில் வரும் பல தலைப் பாம்பின் பெயரான ஹைட்ரா இவ்வுயிருக்கு வந்த பின்னணி இதுவே. பிற்காலத்தில் டிரெம்ப்ளே குழந்தைகளின் கல்வி குறித்தும் நூல் எழுதினார். மாணவரோடு ஒரு சாடி நீரைச் சுற்றி அமர்ந்து, விடை தெரியாத கேள்வியை ஒன்றாகப் பார்த்த ஒருவரிடமிருந்து இத்துறை வளர்ந்தது என்பதை ஆசிரியர்கள் நினைவில் கொள்வது நல்லது.

ஸ்பல்லான்சானியும் சாலமாண்டரும்

ஹைட்ரா மிக எளிய உடலமைப்புக் கொண்டது. முதுகெலும்பு உள்ள விலங்கில் இது நடக்குமா? இத்தாலியப் பாதிரியாரும் பேராசிரியருமான லாசரோ ஸ்பல்லான்சானி 1768இல் வெளியிட்ட சிறு நூலில் இதற்கு விடையளித்தார். தலைப்பிரட்டையின் வால், சாலமாண்டரின் வால், கால்கள், தாடை ஆகியவை மீண்டும் வளர்வதை அவர் விவரித்தார். இளம் சாலமாண்டர்களில் கால்களையும் வாலையும் ஒரே கோடையில், மூன்று மாதங்களுக்குள், ஆறு முறை வெட்டியும் ஒவ்வொரு முறையும் அவை வளர்ந்தன. வயது கூடக்கூட வேகம் குறைவதையும் கண்டார்.

நத்தையின் தலையும் மீண்டும் வளரும் என்று அவர் எழுதியது ஐரோப்பாவில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. எழுத்தாளர் வால்டேர் கூட நத்தைகளின் தலையை வெட்டிச் சோதித்தார். ஆறு முறையும் குறையின்றிக் கால் முளைக்கிறது என்றால் எத்தனை குட்டிக் கால்கள் முன்கூட்டியே உள்ளே மடிந்து கிடக்க வேண்டும்? ரெயோமூரின் ஊகத்தின் மீது இக்கேள்வி பெரும் சுமையை ஏற்றியது.

நரம்பின் பங்கு

1823இல் டுவீடி ஜான் டாட் என்னும் ஆங்கில மருத்துவர் சாலமாண்டரின் காலுக்குச் செல்லும் நரம்பைத் துண்டித்தால் புதிய கால் வளர்வது தடைப்படுகிறது என்று கண்டறிந்தார். ஆனால் இக்குறிப்பு நெடுங்காலம் அதிகம் பேசப்படவில்லை.

1901இல் அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து இழப்பு மீட்டல் பற்றி ஒரு நூல் எழுதினார். பழ ஈக்களில் மரபியல் ஆய்வு செய்து 1933இல் நோபல் பரிசு பெற்ற மார்கன் இவர்தான். இருக்கும் திசுக்களை மறுசீரமைத்து முழு உடலாவது, புதிய திசுக்களைப் பெருக்கிக் காலை உருவாக்குவது என இழப்பு மீட்டல் இரு வகைப்படும் என்று அவர் பிரித்துக் காட்டினார்.

டாட் கண்ட உண்மையை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்கஸ் சிங்கர் அளவிட்டுக் காட்டினார். வெட்டுவாயில் குறிப்பிட்ட அளவு நரம்பிழைகள் இருந்தால்தான் கால் வளரும். வளர்ந்த தவளைக்கு இயல்பாகக் கால் முளைப்பதில்லை. அதன் பின்னங்காலின் நரம்பைத் திருப்பி முன்னங்காலின் வெட்டுவாய்க்குக் கொண்டுவந்தபோது, முழுமையற்றதாயினும் ஒரு வளர்ச்சி ஏற்பட்டது. 1954இல் வெளியான இம்முடிவு, இழந்துபோன திறனை ஓரளவு தூண்ட முடியும் என்ற நம்பிக்கையைத் தந்தது.

இந்திய ஆய்வாளர்களின் பங்களிப்பு

சாலமாண்டரின் மணிக்கட்டில் வெட்டினால் கை மட்டும் முளைக்கும். தோளருகே வெட்டினால் முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்து முளைக்கும். வெட்டுவாயிலுள்ள செல்கள் தாம் இருக்கும் இடத்தை அறிந்திருக்கின்றன என்பதே இதன் பொருள். இந்த அறிவைக் குழப்பிவிடும் ஒரு பொருளைக் கண்டறிந்ததில் இந்திய ஆய்வகங்களுக்குச் சிறப்பிடம் உண்டு.

ராஜஸ்தானில் நியாசி, சக்சேனா ஆகியோர் தேரையின் தலைப்பிரட்டைகளை வைட்டமின் ஏ மிகுந்த நீரில் வளர்த்தபோது, மீண்டும் முளைத்த கால்கள் இயல்புக்கு மாறாக அமைந்ததை 1978இல் தெரிவித்தனர். 1982இல் ஆங்கில ஆய்வாளர் மால்கம் மேடன் இதையொட்டிச் சாலமாண்டர் இனத்தில் ஆராய்ந்தார். மணிக்கட்டில் வெட்டிய இடத்திலிருந்து கை மட்டும் வராமல் மேற்கையிலிருந்து முழு உறுப்பும் தொடங்கி வளர்ந்தது.

1992இல் ஒடிசாவின் உத்கல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடியும் உடன் ஆய்வாளர்களும் இன்னும் வியப்பான முடிவை நேச்சர் இதழில் வெளியிட்டனர். ஒருவகைத் தவளையின் தலைப்பிரட்டையின் வாலை வெட்டி வைட்டமின் ஏ கொடுத்தபோது, வால் இருந்த இடத்தில் கால்கள் முளைத்தன. இந்த ஆய்வாளர் ஒடிசி நடனக் கலைஞராகவும் புகழ் பெற்றவர்.

செல்களின் நினைவு

இன்று இத்துறையில் பெரிதும் பயன்படும் உயிரி ஆக்சோலோட்டல் என்னும் மெக்சிகோ நாட்டுச் சாலமாண்டர். 1864இல் 34 ஆக்சோலோட்டல்கள் பாரிசுக்குக் கொண்டு வரப்பட்டன. அவற்றுள் ஆறு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த ஆகஸ்ட் டியூமெரிலிடம் சேர்ந்தன. அவை அங்கே பெருகின. உலக ஆய்வகங்களில் உள்ளவற்றில் பெரும்பகுதி அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவையே.

ஆக்சோலோட்டலின் கால் வெட்டப்பட்டதும் தோல் செல்கள் விரைவில் காயத்தை மூடுகின்றன. அதன் கீழே செல்கள் குவிந்து ஒரு மொட்டாகின்றன; இதற்குப் பிளாஸ்டிமா என்று பெயர். அந்த மொட்டே நீண்டு, தட்டையாகி, விரல்களாகப் பிரிகிறது. மொட்டிலுள்ள செல்கள் தம் பழைய அடையாளத்தை முற்றிலும் இழந்து எதுவாகவும் மாறக்கூடியவை ஆகின்றன என்று பலர் எண்ணி வந்தனர். 2009இல் எல்லி தனாகாவின் குழுவினர் ஒளிரும் புரதத்தால் செல்களை அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தனர். தசையிலிருந்து வந்தவை தசையையே உருவாக்கின. நரம்பைச் சூழ்ந்திருந்தவை நரம்பின் உறையையே உருவாக்கின. தோலின் உட்படைச் செல்கள் மட்டும் குருத்தெலும்பாகவும் மாறின. ஆக, ரெயோமூர் தேடிய குட்டிக் கால்கள் எங்கும் இல்லை. எஞ்சியிருக்கும் செல்களே தம் மரபை மறவாமல் கூடி உழைக்கின்றன.

2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களை நீக்கிப் பார்த்தனர். கால் முளைக்கவில்லை, தழும்புதான் மிஞ்சியது. 2018இல் ஆக்சோலோட்டலின் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டது. அதில் சுமார் 3,200 கோடி எழுத்துகள் உள்ளன. இது மனிதருடையதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு.

மனிதருக்கு இயலுமா?

1974இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் குழந்தை மருத்துவமனை மருத்துவர் சிந்தியா இல்லிங்வொர்த், விரல் நுனியை இழந்த குழந்தைகளின் காயத்தைத் தைத்து மூடாமல் விட்டால் நுனி நகத்தோடு வளர்வதைப் பதிவு செய்தார். எனவே நம் உடலிலும் இத்திறனின் ஒரு சிறு எச்சம் உண்டு. ஆனால் முழுக் கையையோ காலையோ மனிதருக்கு வளர்க்கும் மருத்துவம் எங்கும் இல்லை. அப்படி யாரேனும் விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம் என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். தழும்பு குறைந்த காயம் ஆறுதல், நரம்பு பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு இவ்வாய்வு வழிகாட்டலாம்.

சொச்சிமில்கோவின் இன்றைய நிலை

ஆக்சோலோட்டலின் இயற்கை வாழிடமாக எஞ்சியிருப்பது மெக்சிகோ நகரின் தென்பகுதியில் உள்ள சொச்சிமில்கோ கால்வாய்கள் மட்டுமே. 1998 கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன. 2014இல் 36 மட்டுமே. கழிவுநீரும், உணவுக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட கெண்டை, திலாப்பியா மீன்களும் முக்கியக் காரணங்கள். அம்மீன்கள் ஆக்சோலோட்டலின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்கின்றன. சினாம்பா எனப்படும் பழமையான நீர்த்தோட்டங்களில் பயிரிடும் உழவர்களோடு சேர்ந்து, வெளிமீன் புகாத வாய்க்கால்களை அமைக்கும் முயற்சியில் மெக்சிகோ ஆய்வாளர்கள் ஈடுபட்டுள்ளனர்.

ஆய்வகத் தொட்டிகளில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே என்று அமைதி கொள்ள முடியாது. அவை மிகச் சில மூதாதையரின் வழிவந்தவை. இயற்கையில் உள்ள மரபு வளம் அவற்றில் இல்லை. வெட்டிய காலை மீட்டுக்கொள்ளும் உயிருக்கும் இழந்த வாழிடத்தை மீட்டுக்கொள்ளும் ஆற்றல் இல்லை.

முடிவுரை

மீனவரின் அனுபவம், ஒரு வீட்டு ஆசிரியரின் சாடி, ஒரு பாதிரியாரின் சாலமாண்டர், ஜெய்ப்பூர் தொடங்கி ட்ரெஸ்டன் வரையிலான ஆய்வகங்கள் என இந்த அறிவு பலர் கைபட்டு வளர்ந்தது. புதிய கால் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பெருமளவு விடை கிடைத்துள்ளது. வளர்ச்சி எங்கே நிற்க வேண்டும் என்பதைச் செல்கள் எவ்வாறு அறிகின்றன என்ற கேள்வி இன்னும் ஆய்வில் உள்ளது. இதைத் தொடர விரும்பும் மாணவர்கள் முதலில் டிரெம்ப்ளே செய்ததையே செய்யலாம்: அருகிலுள்ள குளத்து நீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து, நீர்ச்செடிகளின் இலையடியில் பச்சை அல்லது பழுப்பு நூல்கள் தொங்குகின்றனவா என்று ஒரு கைலென்சின் உதவியோடு பொறுமையாகப் பார்க்கலாம்.