காயல் துறைமுகமும் தீபி குடும்பத்தாரின் குதிரை வணிகமும்: தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் வாழ்வை முன்வைத்து

முன்னுரை

களக்காட்டு மலைகளில் தோன்றும் பச்சையாற்றையும் தன்னுள் ஏற்றுக் கிழக்கே பாயும் தாமிரபரணி, கடலோடு கலக்குமிடத்தில் கொற்கை, காயல் என்னும் துறைமுகங்களை அடுத்தடுத்து வளர்த்தது. கொற்கை முத்தால் புகழ்பெற்றது. கி.பி. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காயலுக்குப் பெருவளம் சேர்த்தவற்றுள் முதன்மையானது குதிரை இறக்குமதி. முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் இவ்வணிகத்தில் மேலோங்கி நின்றவர்கள், பாரசீக வளைகுடாவின் கீஸ் தீவிலிருந்து வணிகம் நடத்திய தீபி குடும்பத்தார். ஆண்டுதோறும் குதிரைகள் வந்திறங்கிய இக்கரையில் அவற்றை வளர்க்கும் அறிவு ஏன் வேரூன்றவில்லை என்னும் வினாவை, அக்குடும்பத்தைச் சேர்ந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் வாழ்வின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

விற்பவரும் வாங்குபவரும்

இக்குடும்பத்தைப் பற்றிய செய்திகள் பெரிதும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபின் நூலில் கிடைக்கின்றன. குடும்பத் தலைவர் ஜமாலுத்தீன் கீஸ் தீவிலிருந்து வணிகத்தை நடத்தினார். அவருடைய உடன்பிறந்தாரான தகியுத்தீன் பாண்டிய அரசவையில் அமைச்சராக விளங்கினார். பட்டணம், மாலிப்பட்டணம், காயல் ஆகிய துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஜமாலுத்தீன் தம் சொந்த வளர்ப்பில் உருவான 1,400 குதிரைகளை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். கத்தீப், பஹ்ரைன், ஹோர்முஸ் முதலிய இடங்களில் கிடைப்பனவற்றையும் அவர் அனுப்பலாம். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். கடற்பயணத்தில் குதிரை காயமுற்றாலும் இறந்தாலும் அதன் விலையை அரச கருவூலம் தரவேண்டும்.

இதில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, விற்பவரின் உடன்பிறந்தாரே வாங்கும் அரசனின் அமைச்சராகவும் இருந்தார். இரண்டாவது, கடலில் நேரும் இழப்பு முழுவதும் வாங்குபவரைச் சார்ந்தது.

பராமரிப்புப் பற்றிய சான்றுகள்

மார்க்கோ போலோவும் வஸ்ஸாபும் பாண்டிய நாட்டில் குதிரைகள் விரைவில் அழிந்ததைக் குறிக்கின்றனர். அரசனும் அவனுடைய உடன்பிறந்தார் நால்வரும் ஆளுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்க விரும்பினர் என்றும், ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்றும் போலோ எழுதுகிறார். சோறும் வேகவைத்த இறைச்சியும் குதிரைகளுக்குத் தீனியாயின. இலாடம் அடிக்கவும் நோய் தீர்க்கவும் வல்லவர்கள் இங்கு இல்லை. அத்தகையோர் இங்கு வராதபடி வணிகர்களே தடுத்தனர் என்பதும் அவர் கூற்று.

வஸ்ஸாபின் குறிப்பு இன்னும் நுணுக்கமானது. பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தனர். கொழுக்க வேண்டுமென்று 40 நாள் லாயத்தில் கட்டிவைத்து, பின்னர் முறையாகப் பழக்காமலும் அங்கவடி முதலியன இன்றியும் ஏறிச் செலுத்தினர். அதனால் வலிமைமிக்க குதிரைகளும் விரைவில் பயனற்றுப் போயின என்கிறார்.

எண்களை மதிப்பிடுதல்

இக்கூற்றுகளை அப்படியே ஏற்பதில் தடைகள் உள்ளன. பாரசீகத்தின் அதாபெக் அபூபக்கர் காலத்தில் 10,000 குதிரைகள் ஏற்றுமதியாயின என்றும் அவற்றின் மதிப்பு 22,00,000 தினார் என்றும் வஸ்ஸாப் கூறுகிறார். இத்தொகை 10,000ஐ 220ஆல் பெருக்கிய சரியான விடை. ஆகவே இதைக் கணக்கேட்டுப் பதிவாகக் கொள்வதைவிட மதிப்பீடாகக் கொள்வதே பொருந்தும். மேலும், இவ்வெண் காம்பே முதலிய துறைகளுக்குச் சென்றவற்றையும் உள்ளடக்கியது. போலோவின் ஐந்து மடங்கு 2,000மும் ஏறத்தாழ அதே எண்ணைத் தருவது, வணிகரிடையே வழங்கிய ஒரு பொது எண்ணை இருவரும் கேட்டிருக்கலாம் என்று எண்ண வைக்கிறது.

1311இல் மாலிக் காபூர் தென்னாட்டுப் படையெடுப்பை முடித்துத் திரும்பியபோது 5,000 குதிரைகளைக் கொண்டுசென்றதாக அமீர் குஸ்ரு எழுதுகிறார். அவற்றுள் போசளரிடம் பெற்றவையும் அடங்கும். எனினும் குதிரைகள் அனைத்தும் ஓராண்டுக்குள் மடிந்தன என்பது மிகைக்கூற்று என இதனால் தெளியலாம்.

கயிறு மாற்றும் வழக்கு

தமிழ் மரபிலும் குதிரை வணிகம் பற்றிய பதிவுகள் உண்டு. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிக்கிறது. கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளும் குதிரைச் சேவகர்களும் இடம்பெறுகின்றனர். நரி பரியான திருவிளையாடற் கதையில் வணிகர் தலைவராக வரும் இறைவன் குதிரைகளைக் கயிறு மாற்றிக் கொடுக்கிறார். கயிறு மாறிய பின் நேர்வதற்கு விற்றவர் பொறுப்பில்லை. மாறும் வரை பொறுப்பு அவருடையது. தீபி ஒப்பந்தம் அந்தப் பொறுப்பையும் விற்பவரிடமிருந்து நீக்கியது. குதிரையை உயிருடன் கரைசேர்க்க வேண்டிய கட்டாயம் குறைந்த நிலையில், வளர்ப்பு முறையை வாங்குபவருக்குக் கற்பிப்பதால் வணிகருக்கு ஆதாயமில்லை. இழப்பு மிகுந்தால் மறு ஆண்டுத் தேவையும் மிகும்.

தகியுத்தீனுக்குப் பின்

ஹிஜ்ரி 702இல் (1302–03) தகியுத்தீன் மறைந்தார். அரசன் அவர் சொத்தைக் கைப்பற்ற முயன்றபோது, மகன் சிராஜுத்தீன் 2,00,000 தினார் அளித்துத் தந்தையின் செல்வத்தையும் பதவியையும் காத்துக்கொண்டார். ஒப்பந்தப்படியான 1,400 குதிரைகளின் ஓராண்டு விலை 3,08,000 தினார். அதாவது, துறைமுகங்களின் மீதான உரிமையை மீட்க அக்குடும்பம் தந்தது ஓராண்டு விற்பனைத் தொகையில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் குறைவே. ஜமாலுத்தீனின் மகன் பக்ருத்தீன் சீனத் தூது முடித்துத் திரும்பும் வழியில் ஹிஜ்ரி 704இன் இறுதியில் (1305) இறந்து, பாண்டிய நாட்டில் தம் சிறிய தந்தையின் அடக்கத்தலத்தருகே புதைக்கப்பட்டார் என்பது இக்குடும்பம் இக்கரையில் கொண்டிருந்த உறவின் ஆழத்தைக் காட்டும்.

முடிவுரை

பாண்டிய நாட்டார் குதிரை வளர்ப்பை அறியாதவர் என்னும் கருத்து விற்றவர் தரப்புச் சான்றுகளையே சார்ந்துள்ளது. தட்பவெப்பமும் தீனியும் குதிரைகளைப் பாதித்தன என்பது உண்மையாகலாம். ஆயினும், இறந்த குதிரைக்கும் விலை கொடுத்த ஒப்பந்தமும், விற்பனையும் அமைச்சும் ஒரே குடும்பத்திடம் குவிந்ததும் அவ்வறிவு இங்கு வேரூன்றாமைக்குக் காரணங்களாயின என்பதே பொருத்தமான முடிபு. வளர்ப்போரின் அறிவு கீஸ் தீவிலேயே தங்கியது. காயலில் இறங்கியவை குதிரைகள் மட்டுமே.