பெட்டிக்குள் ஒரு கணினி

கரோனா ஊரடங்கில் மகன் வேலையை மூட்டை கட்டிக்கொண்டு மதுராந்தகத்துக்கே வந்துவிட்டான். முதல் இரண்டு நாளும் புதுக் கணினியைத் தயார் செய்வதிலேயே போயின. அலுவலகம் அனுப்பிய குறிப்பு பல பக்கம்: முதலில் இதை நிறுவு, பிறகு அதை; இந்தப் பதிப்புதான் வேண்டும், அடுத்தது ஆகாது. பாதியில் எங்கோ நின்றுவிட்டது. போனில் கேட்டால் “என் கணினியில் ஓடுகிறதே” என்று பதில். மூன்றாம் நாள் நண்பர் ஒருவர் சின்னக் கோப்பு ஒன்றை அனுப்பினார். ஒரே கட்டளை. மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் ஓடியது. “கன்டெய்னர்ப்பா” என்றான்.

எனக்குத் தெரிந்த கன்டெய்னர், ஏரிக்கரை ஓரம் ஜி.எஸ்.டி. சாலையில் லாரிமேல் போவதுதான். விசாரித்தால், பெயரே அங்கிருந்து வந்ததாம்.

முன்பெல்லாம் கப்பலில் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றையும் ஆள் தூக்கி அடுக்க வேண்டும். மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 1956 ஏப்ரல் 26 அன்று 58 அலுமினியப் பெட்டிகளை ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே துணியா, இயந்திரமா என்று கிரேனுக்குக் கவலையில்லை. பிறகு 20 அடி, 40 அடி என்று உலகம் முழுவதற்கும் அளவு வகுத்தார்கள். சென்னைத் துறைமுகத்துக்கு கன்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது.

கணினியில் இந்த யோசனை மெதுவாகவே வளர்ந்தது. 1979-ல் யூனிக்ஸில் ஒரு வசதி வந்தது: ஒரு கோப்புறையைக் காட்டி, ‘இதுதான் முழு வட்டு’ என்று நிரலை நம்ப வைக்கலாம். 2000-ல் ஃப்ரீபிஎஸ்டி அதை இன்னும் இறுக்கி ‘சிறை’ என்றே பெயர் வைத்தது. ஒரு நிரல் கூட்டத்துக்கு இவ்வளவு நினைவகம்தான் என்று ரேஷன் போடும் ஏற்பாட்டை 2006-ல் கூகுள் பொறியாளர்கள் தொடங்கினார்கள். 2008-ல் அது லினக்ஸில் சேர்ந்தது. ஆனாலும் எல்லாம் விற்பன்னர் கையில்தான் இருந்தது. 2013 மார்ச்சில், சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடம் பேசி ‘டாக்கர்’ மென்பொருளைக் காட்டினார். டாக்கர் என்றால் துறைமுகத் தொழிலாளி. அதன் சின்னம் முதுகில் பெட்டி சுமக்கும் திமிங்கலம்.

டாக்கரில் நிறுவும் முறையை மனிதன் படிக்க எழுதுவதில்லை. கணினி படிக்க எழுதுகிறார்கள். இந்த அடித்தளத்தில் தொடங்கு, இந்தப் பதிப்பைப் போடு, இதை இயக்கு என்று சில வரிகள். மனிதனுக்கு எழுதிய குறிப்பு பழசாகிப் போனால் யாருக்கும் தெரியாது; புதிதாக வேலைக்குச் சேர்கிறவன்தான் மாட்டிக்கொள்வான். இந்தக் கோப்பில் பிசகினால் பெட்டியே தயாராகாது, உடனே திருத்தியாக வேண்டும். நேரம் மிச்சமாவதைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. (பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் விட்டால் இதுவும் கெட்டுப்போகும் என்கிறான் மகன்.)

“என் கணினியில் ஓடுகிறதே” நம் தலைமுறைக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் தமிழில் கடிதம் அடித்து அனுப்பினால், அதே எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிறுக்கல்தான் தெரியும். அதற்கு இரண்டு வழி பிறந்தது. ஒன்று, எல்லோரும் ஒரே முறைக்கு வருவது: 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி தாம், தாப் குறியீடுகள் வந்தன, 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. மற்றது, எழுத்துருவைக் கையோடு அனுப்புவது: அப்போது சில தமிழ்த் தளங்கள் பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்பின, பி.டி.எஃப்.பும் அப்படித்தான். கன்டெய்னர் இந்த இரண்டாவது வழி. ஆனால் பெட்டிகளுக்கும் பொது அளவு தேவைப்பட்டு, 2015-ல் டாக்கரும் மற்ற நிறுவனங்களும் கூடிப் பேச வேண்டியதாயிற்று.

இந்தப் பெட்டியும் எல்லாருக்கும் சுலபமில்லை. அது பெரும்பாலும் லினக்ஸ் கருவின்மேல்தான் ஓடும். விண்டோஸ் கணினியில் முதலில் உள்ளே ஒரு குட்டி லினக்ஸை எழுப்ப வேண்டும். நினைவகம் நிறையத் தின்னும். இறக்கவே பல நூறு எம்.பி. ஆகலாம். 2011 முதல் அரசு கொடுத்த மடிக்கணினிகளில் பழைய ஒன்றை வைத்துப் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைக்கு அந்த நீளமான குறிப்புதான் கைகொடுக்கும். அதை அழித்துவிடாதே என்று மகனிடம் சொன்னேன். “அழிக்கலப்பா, கீழே வச்சிருக்கேன்” என்றான்.

இதை எழுதும்போது அலமாரியில் ஒரு குறுந்தகடு கிடைத்தது. 1998-ல் அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த எங்கள் குடும்பக் கதை. கோப்பு திறக்கிறது, ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. எழுத்துருவின் பெயர் தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன் என்கிறான் மகன். எனக்கு அந்தப் பெயர் நினைவில்லை.