ஈயப்பூச்சும் குரோமியப் பொலிவும்

தமிழகத்து இல்லங்களின் பித்தளைப் பாத்திரங்கள் காலந்தோறும் ஈயப்பூச்சினால் புனர்ஜன்மம் பெற வேண்டியிருந்தன. புளியின் அமிலம் பித்தளையிலுள்ள தாமிரத்தைக் கரைத்து உணவைக் கெடுக்குமாதலால், துருத்தியால் கனலை வளர்த்து, பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி அழுக்ககற்றி, 232 பாகை செல்சியஸிலேயே உருகும் வெள்ளீயத்தைப் பஞ்சினால் தேய்த்துப் பரப்புவது ஈயம் பூசுவோரின் வித்தை. குரோமியம் கலந்தமையால், கீறல் விழுந்தாலும் தன் மேற்படலத்தைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் எவர்சில்வர் பரவவே, அத்தொழில் க்ஷீணித்தது. அதே குரோமியம் இன்று மோட்டார் காரின் உட்புறப் பிளாஸ்டிக்கின்மீது, செம்பு, நிக்கல் அடுக்குகளுக்கு மேலே, ஒரு மைக்ரானுக்கும் குறைந்த கனத்தில் மின்னுகிறது. அது உரிந்தால், கனலில் காய்ச்சப் பிளாஸ்டிக் இடங்கொடாதாகையால், பழைய படலத்தை நீக்கி மின்முலாம் இடுவதோ வெள்ளிநிறச் சாயம் தெளிப்பதோ அவசியமாகிறது.