மழையை யார் கையில் கொடுப்பது? போக்கிமான் போட்டிகளில் வானிலை அணிகளின் வரலாறு

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். அதே தென்காசி மாவட்டத்தில் இருக்கிற எங்கள் சங்கரன்கோவிலுக்கு அப்போது வருவது காற்று மட்டும்தான். மலையைத் தாண்டும் முன்பே மேகம் காலியாகிவிடும். நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கதி. 'மழை யார் பக்கம்?' என்பது இந்த ஊர்க்காரனுக்குப் புதிய கேள்வி கிடையாது. அந்தக் கேள்வியையே விதியாக வைத்து ஆடுகிற ஒரு விளையாட்டு உண்டு. அதன் கதையைக் கொஞ்சம் குறித்து வைக்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

போக்கிமான் என்றதும் மஞ்சள் நிறப் பிகாச்சுவும் டிவி கார்ட்டூனும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அதற்குள்ளே சதுரங்கம் மாதிரி ஒரு போட்டி உலகம் இருக்கிறது. ஆளுக்கு ஆறு பிராணிகள் கொண்ட அணி. ஒவ்வொன்றுக்கும் நீர், நெருப்பு, புல், பாறை என்று ஒரு வகையோ இரண்டு வகையோ உண்டு. நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும். இருவரும் ஒரே நேரத்தில் ரகசியமாக முடிவெடுப்பார்கள், பிறகு எது வேகமோ அது முதலில் அடிக்கும். நிறுவனம் நடத்தும் உலகப் போட்டியில் இரண்டுக்கு இரண்டாக மோதல்; ஆறைக் கொண்டுபோய் அதில் நான்கை மட்டும் களம் இறக்குவார்கள். இந்த ஊர்க் கடைகளில் நிண்டெண்டோ கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் 'போக்கிமான் ஷோடவுன்' என்ற இலவசத் தளம் செல்போன் பிரவுசரிலேயே ஓடும். அதில் ஆடுகிற நம்ம ஊர்த் தம்பிகள் அடிக்கடி கேட்பது: "அண்ணே, மழை டீம் வச்சா ஜெயிச்சிரலாமா?" பதில் சொல்ல 1999-இலிருந்து தொடங்க வேண்டும்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். விலங்கு, பறவை, மரம் எல்லாம் கருப்பொருள். பொழுது மாறினால் அதற்குள் வாழ்வதெல்லாம் மாறும். இந்த விளையாட்டில் 1999 வரை கருப்பொருள் மட்டும்தான் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஜப்பானில் வெளியான கோல்டு, சில்வர் ஆட்டங்களில்தான் பொழுது வந்து சேர்ந்தது. மழை, வெயில், மணற்புயல் என்று மூன்று வானிலைகள். மழை பெய்தால் நீர்த் தாக்குதல் ஒன்றரை மடங்கு, நெருப்பு பாதி. வெயிலில் அப்படியே தலைகீழ். குறி தப்பக்கூடிய இடித் தாக்குதல் மழையில் தப்பவே தப்பாது. ஆனால் மழையை வரவழைக்கவே ஒரு முறையைச் செலவழிக்க வேண்டும். வந்த மழையும் ஐந்து சுற்றில் நின்றுவிடும். எதிராளி அடித்துக்கொண்டிருக்கும்போது நாம் மழைக்கு ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அது ஒரு கூடுதல் தந்திரமாகவே இருந்தது.

2002 நவம்பரில் வந்த ரூபி, சஃபையர் ஆட்டங்கள் அதை மாற்றின. அவற்றின் கதையே கடலுக்கும் நிலத்துக்குமான சண்டை. கயோகர் களத்தில் காலை வைத்தாலே மழை. க்ரௌடான் வந்தாலே வெயில். தனியாக முறை செலவழிக்க வேண்டாம். இன்னொரு வானிலை வந்து கலைக்கும் வரை அந்த மழை நிற்கவும் நிற்காது. டைரானிட்டார் இதே போல மணற்புயலைக் கொண்டுவந்தது. மழையில் வேகம் இரட்டிப்பாகும் பிராணிகளும், வெயிலில் இரட்டிப்பாகும் பிராணிகளும் அப்போதுதான் வந்தன. ஆனாலும் பெரிய சிக்கல் வரவில்லை. காரணம், கயோகரும் க்ரௌடானும் அளவுக்கு மீறிய பலசாலிகள் என்று சாதாரணப் போட்டிகளில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஓயாத மழை பூட்டிய பெட்டிக்குள் இருந்தது.

பெட்டி திறந்தது 2010-இல். பிளாக், வைட் ஆட்டங்களோடு பழைய பிராணிகளுக்குப் புதிய மறைதிறன்கள் கிடைத்தன. பொலிட்டோட் என்ற சாதாரணத் தவளைக்குக் கயோகரின் மழை. நைன்டேல்ஸ் என்ற நரிக்கு க்ரௌடானின் வெயில். இந்தத் தவளையை யாரும் தடைசெய்ய முடியாது, தனியாகப் பார்த்தால் அதனிடம் ஒன்றுமே இல்லை. ஆனால் அது வந்து நின்றாலே ஆட்டம் முழுக்க மழை. பக்கத்தில் கிங்ட்ராவோ லூடிகோலோவோ இருந்தால் வேகம் இரண்டு மடங்கு. நீர்ப் பிராணி நீர்த் தாக்குதல் செய்தால் ஏற்கெனவே ஒன்றரை மடங்கு உண்டு. மழை அதையும் ஒன்றரையால் பெருக்க, மொத்தம் இரண்டே கால் மடங்கு. முதலிலும் அடிக்கும், பலமாகவும் அடிக்கும். எதிராளி என்னதான் செய்வார்?

அவரும் ஒரு வானிலையைக் கொண்டுவருவார். வேறு வழியில்லை. இப்படித்தான் 'வானிலைப் போர்' என்று ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்கிற காலம் தொடங்கியது. இருவர் கையிலும் ஆளுக்கொரு வானிலை இருந்தால், யாருடைய வானிலைக்காரர் கடைசிவரை உயிரோடு இருக்கிறாரோ அவர் வானமே நிலைக்கும். தவளை செத்தால் மழையணியில் மற்ற ஐந்தும் செத்த மாதிரிதான். எனவே சண்டை முழுக்கத் தவளையைக் காப்பதிலும் நரியைக் கொல்வதிலுமே போனது. வானிலை இல்லாமல் அணி கட்டுவது துணிச்சலாகிவிட்டது.

இதற்கு இரண்டு இடத்திலிருந்து இரண்டு தீர்ப்புகள் வந்தன. வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

முதல் தீர்ப்பு ஆட்டக்காரர்களுடையது. ஸ்மோகன் என்ற ரசிகர் அமைப்பு ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்துக்குத் தனக்கென விதிகள் வைத்திருக்கிறது. அங்கே 2011-இல் ஆல்டரான் என்ற பயனர் ஒரு யோசனை வைத்தார்: மழையைத் தடைசெய்ய வேண்டாம், மழையில் வேகம் கூடுவதையும் தடைசெய்ய வேண்டாம், இரண்டும் ஒரே அணியில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அது நிறைவேறியது. அதுவரை தடை என்றால் பெரும்பாலும் ஒரு பிராணியைத் தூக்கிவிடுவது. இரண்டு பொருள்களைத் தனித்தனியே அனுமதித்துச் சேர்க்கையை மட்டும் விலக்கியது புதிய வகை விதி. அதனாலேயே 'இது சிக்கலான விதி, நாளைக்கு எல்லாவற்றுக்கும் இப்படிக் கேட்பார்கள்' என்ற எதிர்ப்பும் எழுந்தது.

இரண்டாவது தீர்ப்பு விளையாட்டை உருவாக்கியவர்களுடையது. அதிகாரப்பூர்வப் போட்டிகளில் அந்தச் சேர்க்கைக்குத் தடை இருக்கவில்லை. அவர்கள் 2013 அக்டோபரில் எக்ஸ், ஒய் ஆட்டங்களில் வானிலையின் ஆயுளையே குறைத்தார்கள். திறனால் வந்த மழையும் இனி ஐந்து சுற்றுதான். அதற்கான கல்லைக் கையில் வைத்திருந்தால் எட்டு. ஆனால் ஒரு பிராணி ஒரு பொருளைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நீண்ட மழை வேண்டுமென்றால் வேறு பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஸ்மோகன் 'யாரோடு சேரலாம்' என்பதைக் கட்டுப்படுத்தியது. நிறுவனம் 'எவ்வளவு நேரம்' என்பதைக் கட்டுப்படுத்தியது. என் கணிப்பில் இரண்டாவதுதான் ஆழமான திருத்தம். மழை ஓயாமல் பெய்தால் அது ஒரு சொத்து, வைத்திருப்பவன் பணக்காரன். ஐந்து சுற்று மழை என்றால் அது பருவம். பருவத்துக்குத் திட்டமிட வேண்டும். எதிராளியும் திட்டமிடலாம்: தற்காத்துக்கொண்டே ஒரு சுற்றைக் கடத்தலாம், ஆளை மாற்றி இன்னொரு சுற்றைக் கடத்தலாம். மழை இல்லாதவனுக்கும் ஆட்டத்தில் இடம் கிடைத்தது.

சரி, இன்றைக்கு ஒரு மழையணி கட்டுவது எப்படி? வரலாற்றிலிருந்தே விடை கிடைக்கிறது.

முதலில் மழை கொண்டுவருபவர். 2016-இல் வந்த சன், மூன் ஆட்டங்களிலிருந்து பெலிப்பர் என்ற பறவைக்கும் அந்தத் திறன் உண்டு. இங்கே ஒரு நுணுக்கம் பாருங்க. இரண்டு வானிலைக்காரர்கள் ஒரே நேரத்தில் களம் இறங்கினால் வேகமானவரின் திறன் முதலில் வேலை செய்யும். மெதுவானவரின் வானிலை அதன்மேல் வந்து நிற்கும். அதாவது மந்தமானவன் ஜெயிப்பான். பெலிப்பரின் அடிப்படை வேகம் 65. வெயில் கொண்டுவரும் டோர்கோல் ஆமையின் வேகம் 20. நேருக்கு நேர் இறங்கினால் வெயில்தான் அடிக்கும். அப்போது பெலிப்பரைப் பின்னால் வைத்திருந்து, ஆமையின் வெயில் விழுந்த பிறகு இறக்குவதுதான் புத்தி.

இரண்டாவது, மழையை அறுவடை செய்பவர்: ஒருவரோ இருவரோ போதும். மூன்றாவது, மழையால் மறைமுகமாகப் பிழைப்பவர். இரும்பும் புல்லும் கலந்த ஃபெரோதார்னுக்கு நெருப்பு என்றால் எமன். மழையில் அந்த எமனுக்கே பாதி பலம்தான். நான்காவது, இதுதான் முக்கியம்: மழையே பெய்யாவிட்டாலும் சண்டை போடுகிற ஒரு கூட்டணி. ஆறில் நான்கைத்தான் இறக்குகிறோம் என்பதால் இதற்கு இடம் இருக்கிறது. நம்ம பக்கத்துக் கரிசலில் மானாவாரி விவசாயி மழையை நம்பித்தான் விதைக்கிறார். ஆனால் முழு நிலத்தையும் ஒரே பயிருக்குக் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை.

2013-க்குப் பிறகும் கதை நிற்கவில்லை. 2014-இல் கயோகரும் க்ரௌடானும் ஆதிவடிவம் எடுத்துத் திரும்பி வந்தன. முன்னதன் மழையில் நெருப்புத் தாக்குதல் எரியவே எரியாது. பின்னதன் வெயிலில் நீர் ஆவியாகிவிடும். 2016-இல் சான் பிரான்சிஸ்கோவில் உலகப் பட்டம் வென்ற உல்ஃப் க்ளிக்கின் அணியில் கயோகர் இருந்தது. 2019-இன் சுவார்டு, ஷீல்டு ஆட்டங்களில் உருவம் பெருத்த பிராணி நீர்த் தாக்குதல் செய்தாலே மழை வந்தது. 2022-இல் ஆலங்கட்டி மழை போய்ப் பனிப்பொழிவு வந்தது. ஆலங்கட்டி பனி வகை அல்லாத பிராணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காயப்படுத்தியது, பனி யாரையும் காயப்படுத்தாமல் பனி வகைப் பிராணிகளின் தற்காப்பை ஒன்றரை மடங்காக்குகிறது. ஆனால் திறனால் வரும் சாதாரண மழை, வெயிலுக்கு ஐந்து சுற்று, கல்லோடு எட்டு என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

ஆகவே தம்பிகளுக்கு என் பதில்: மழை டீம் வைங்க, தாராளமா வைங்க. மழை வந்த அன்றைக்கு என்ன செய்வது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறாவது சுற்றில் வானம் வெளுத்த பிறகு என்ன செய்வீங்க? அதற்குப் பதில் இருந்தால் அது டீம்.